கல்லூரி நீச்சல் அணியில் சேர்ந்ததும் முதல் வாரத்தில் செய்ய வேண்டியது

அமெரிக்கக் கல்லூரி நீச்சல் அணியில் சேரப்போகிறீர்களா? அங்கே கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்சிஏஏ அமைப்பின் முதல் பிரிவு (உயர்மட்டப் பிரிவு) விதிப்படி, சீசனில் பயிற்சியும் போட்டியும் சேர்த்து வாரம் 20 மணி நேரம்தான். ஆனால் அதை நம்பிப் பாடங்களை அடுக்காதீர்கள். போட்டி நாள் முழுக்க நீச்சல்குளத்திலேயே கழிந்தாலும் கணக்கில் 3 மணி நேரம்தான் வரும். பயண நேரம் சேரவே சேராது.

அதனால் முதல் வாரமே போட்டி அட்டவணையையும் பாடத்திட்டத்தையும் பக்கத்தில் வைத்து, மோதும் தேதிகளைக் குறியுங்கள். அப்புறம் பேராசிரியரை நேரில் பார்த்துக் காட்டுங்கள். பிப்ரவரி, மார்ச்சில்தான் பெரிய சாம்பியன்ஷிப்புகள். அதனால் ஆய்வகப் பாடங்களை முடிந்தவரை ஆகஸ்டில் தொடங்கும் பருவத்திலேயே எடுத்துவிடுங்கள். அதிகாலைப் பயிற்சி முடிந்த கையோடு 8 மணி வகுப்பு வேண்டாம், சாப்பிடவாவது நேரம் வேண்டுமே! டைவிங் வீரர்களுக்குப் பயிற்சி நேரம் வேறாக இருக்கலாம், தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.