இன்ஜினைக் கழுவும்போது அழுக்கு எங்கே போகிறது?

யமஹா ஆர்எக்ஸ் 100 பைக் தயாரிப்பை 1996-இலேயே நிறுத்திவிட்டார்கள். அதற்குப் பிறகு பிறந்த பையன்கள்தான் இன்றைக்கு அந்த வண்டியைத் தேடிப் பிடித்து வாங்கி, வீட்டுத் திண்ணையிலேயே இன்ஜினைப் பிரிக்கிறார்கள். நல்ல விஷயம்தான். 98 சிசி, ஒற்றை சிலிண்டர், டூ ஸ்ட்ரோக், டைமிங் செயின் கிடையாது. கை பழக இதைவிடத் தோதான இன்ஜின் கிடைப்பது கஷ்டம். ஆனால் பிரிப்பதிலும் பூட்டுவதிலும் காட்டுகிற கவனத்தை நடுவில் கழுவும்போது யாரும் காட்டுவதில்லை. ஒரு வாளி பெட்ரோல், பழைய டூத் பிரஷ், கிழிந்த லுங்கி, முடிந்தது வேலை என்று நினைத்துக்கொள்கிறோம்.

அழுக்கு ஒரு பாகத்தை விட்டு இறங்கினால் இன்னோர் இடத்தில் போய் உட்காரும். அது பேரிங்காக இருக்கலாம், நம் நுரையீரலாகவும் இருக்கலாம். ஃபோர் ஸ்ட்ரோக் வண்டியில் ஆயில் சுற்றி வரும் வழியில் ஒரு ஃபில்டரோ சல்லடையோ இருந்து கொஞ்சத்தைப் பிடித்து வைக்கும். டூ ஸ்ட்ரோக்கில் அந்தச் சலுகை இல்லை. காற்றும் பெட்ரோலும் ஆயிலும் கிராங்க் ஷாஃப்ட் சுழலும் கிராங்க் அறைக்குள் வந்து, அங்கிருந்து நேராக மேலே ஏறி எரிந்து வெளியேறுகின்றன. அறையில் விட்டுவைத்த ஒரு மணல் துகள் முதலில் கிராங்க் பேரிங்கைப் பார்க்கும், அடுத்து பிஸ்டனைப் பார்க்கும்.

அதனால் முதல் தவறு, வெளியே கழுவாமல் உள்ளே திறப்பது. செயின் ஸ்ப்ராக்கெட் பக்கம் கிரீஸும் மண்ணும் சேர்ந்து அடை மாதிரி ஒட்டியிருக்கும். அப்படியே நெம்பினால் அது எங்கே விழும் என்று சொல்ல வேண்டியதில்லை. கார்புரேட்டர் வாயையும் சைலன்சர் வாயையும் துணி திணித்து, மேலே பாலிதீன் கட்டி, மண்ணெண்ணெய் தடவித் தேய்த்து, சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவிட்டு, பிறகு ஸ்பானரை எடுங்கள்.

அடுத்தது பெட்ரோல். மெக்கானிக் கடையில் பெட்ரோலில்தானே கழுவுகிறார்கள் என்பீர்கள். கழுவுகிறார்கள், அதற்கான விலையையும் அவர்கள்தான் கொடுக்கிறார்கள். பெட்ரோல் மைனஸ் 40 டிகிரியை ஒட்டிய குளிரிலேயே தீப்பிடிக்கும் அளவுக்கு ஆவி விடும். நம் ஊரில் அது தூங்கும் நேரமே கிடையாது. அந்த ஆவி காற்றைவிடக் கனம். மேலே போகாமல் தரையோடு ஊர்ந்து, வாசற்படி தாண்டி, அடுப்படிக்கோ சாமி விளக்குக்கோ போய்ச் சேரும். அங்கே பற்றிய தீ வந்த வழியே உங்கள் வாளிக்குத் திரும்பும். பிளாஸ்டிக் வாளி இன்னும் மோசம், நிலைமின்சாரப் பொறி ஒன்று போதும். போதாக்குறைக்குப் பெட்ரோலில் புற்றுநோய் உண்டாக்கும் பென்சீனும் உண்டு, அதை மூச்சில் இழுத்துக்கொண்டேதான் தேய்க்கிறோம்.

மண்ணெண்ணெய் அப்படித் தீப்பிடிக்கும் ஆவி விடத் தொடங்கும் எல்லை சுமார் 35 டிகிரிக்கு மேல். இதைக் கேட்டு நிம்மதியடைந்து சித்திரை வெயிலில் மொட்டை மாடிக்குப் போய்விடாதீர்கள், அங்கே மண்ணெண்ணெயும் அந்த எல்லையைத் தாண்டிவிடும். நிழலில், காற்றோட்டத்தில், தகரத் தட்டில் கழுவுங்கள். மண்ணெண்ணெய் கிடைக்காவிட்டால் டீசல். அது பிசுபிசுப்பை விட்டுவிட்டுப் போகும், கடைசியில் சோப்புத் தண்ணீர் போட்டால் சரியாகிவிடும். கையில் நைட்ரைல் கையுறை மாட்டிக்கொள்ளுங்கள். பழைய இன்ஜின் ஆயில் தோலில் நாள்கணக்கில் படிவது தோல் புற்றுநோய் வரை கொண்டுபோகக்கூடியது. வேலை முடிந்ததும் பெட்ரோல் ஊற்றிக் கை கழுவுகிற வழக்கம் தோலின் எண்ணெய்ப் பசையை உரித்து, அந்த ஆயிலுக்கே கதவைத் திறந்துவிடுகிறது.

இனி என் கதை. முதல் தடவை ஹெட்டில், அதாவது சிலிண்டரின் மேல்மூடியில், இருந்த கரி பிரஷ்ஷுக்கு மசியவில்லை. யாரோ சொன்னதை நம்பி, காஸ்டிக் சோடா கரைத்த தண்ணீரில் ராத்திரி முழுக்கப் போட்டு வைத்தேன். முதலில் குமிழி குமிழியாக வந்தது. அழுக்கு போகிறது என்று சந்தோஷப்பட்டுத் தூங்கப் போனேன். அந்தக் குமிழி ஹைட்ரஜன், கரைந்துகொண்டிருந்தது அலுமினியம். காலையில் ஹெட் கறுத்து, கசிவைத் தடுக்க நடுவில் வைக்கும் கேஸ்கெட் உட்காரும் முகம் அம்மை போட்ட மாதிரி இருந்தது. காஸ்டிக் சோடா இரும்புக்குச் சரி. அலுமினியம் இருக்கும் எதற்கும், அதாவது ஹெட், பிஸ்டன், கிராங்க் கேஸ் எதற்கும் ஆகாது. அடுப்புக் கறை நீக்கும் ஸ்பிரே பலவற்றிலும் இதே சரக்குதான். கழிப்பறை ஆசிட்டும் அப்படியே. அலுமினியத்தைத் தின்பதோடு, அதன் புகை பக்கத்தில் வைத்திருக்கும் ஸ்பானர் செட்டையும் துருப்பிடிக்க வைக்கும். கரிக்கு மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, மூங்கில் சிம்பாலோ பிளாஸ்டிக் தகட்டாலோ சுரண்டுகிற பொறுமைதான் மருந்து.

கேஸ்கெட் சுரண்டும்போது இரண்டு அபாயம். பழைய கேஸ்கெட்டிலும் பழைய பிரேக் ஷூவிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். உலர்ந்த நிலையில் தேய்த்தாலோ காற்றடித்து ஊதினாலோ அந்த நார் நுரையீரலுக்குப் போகும், போனது திரும்பாது. நனைத்துக்கொண்டு சுரண்டுங்கள். இன்னொன்று, டிரில்லில் மாட்டும் உராய்வு டிஸ்க். அரை நிமிடத்தில் பளபளவென்று ஆகிவிடும், அதில்தான் மயங்குகிறோம். அந்த டிஸ்க்கிலிருந்து உதிரும் அலுமினியம் ஆக்ஸைடு பொடி ஆயிலில் கலந்து பேரிங்கை அரித்துவிடுகிறது என்று ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனமே தன் டீலர்களுக்குச் சுற்றறிக்கை விட்டு எச்சரித்தது. ஃபில்டர் உள்ள கார் இன்ஜினுக்கே அந்தக் கதி. உப்புத்தாளுக்கும் இதே கணக்குதான்.

கிராங்க் ஷாஃப்டை அழுக்கு மண்ணெண்ணெயில் முக்கி எடுப்பது பலர் யோசிக்காமல் செய்வது. வெளியே பளிச்சென்று வரும். கனெக்டிங் ராடின் அடியில் இருக்கும் நீடில் பேரிங்குக்குள் தட்டின் வண்டலெல்லாம் புகுந்திருக்கும். எப்போதும் இரண்டு தட்டு வையுங்கள்: முதல் கழுவலுக்கு ஒன்று, புது மண்ணெண்ணெயோடு இன்னொன்று. கிராங்குக்கு இரண்டாவது தட்டு மட்டும். கழுவிய பேரிங்கில் கம்ப்ரஸர் காற்றடித்து விர்ரென்று சுழல விடுவது ஒரு விளையாட்டு. ஆயில் இல்லாமல் அந்த வேகத்தில் சுற்றினால் பேரிங் குண்டும் அது ஓடும் பாதையும் கீறிக்கொள்ளும், கூடு பிய்ந்தால் குண்டு கண்ணுக்கே வரும். விரலால் பிடித்துக்கொண்டு மெல்ல ஊதினால் போதும். துடைக்கக் காட்டன் வேஸ்ட் வேண்டாம், அதன் நூல் கார்புரேட்டரின் பெட்ரோல் துளையான ஜெட்டில் போய் அடைக்கும். வெளுத்த பனியன் துணி நல்லது.

பேரிங் கழற்றக் கிராங்க் கேஸைச் சூடாக்குவார்கள். அதற்கு முன் பெட்ரோல், மண்ணெண்ணெய் வாடை துளியும் இருக்கக் கூடாது. குளோரின் கலந்த பிரேக் கிளீனர் ஸ்பிரே அடித்த பாகம் என்றால் இன்னும் எச்சரிக்கை வேண்டும். அதில் தீயோ வெல்டிங் சூடோ பட்டால் பாஸ்ஜீன் வரும். முதல் உலகப் போரில் ஆளைக் கொல்லப் பயன்படுத்திய அதே வாயு.

லேத் பட்டறையிலிருந்து போர் போட்டு (உள்துளையைக் கடைந்து), ஹோனிங் செய்து (கல்லால் தேய்த்துக் குறுக்குக் கோடு போட்டு) வரும் சிலிண்டரைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். கண்ணுக்குச் சுத்தமாகத் தெரியும். மண்ணெண்ணெய் துணியால் ஒரு துடைப்பு துடைத்து, பிஸ்டனை இறக்கிவிடுவோம். ஹோனிங் கல்லின் பொடி அந்தக் குறுக்குக் கோடுகளின் பள்ளத்தில் தங்கியிருக்கிறது. மண்ணெண்ணெய் எண்ணெயை மட்டும் கரைத்துவிட்டு, பொடியைப் பள்ளத்திலேயே படிய வைத்துவிடும். புது பிஸ்டன் ரிங்குக்கு அது அரம். வெந்நீர், பாத்திரம் கழுவும் சோப்பு, விறைப்பான நைலான் பிரஷ்: இந்த மூன்றும்தான் பொடியை வெளியே கொண்டுவரும். கழுவி, வெள்ளைத் துணியால் போர் சுவரை அழுத்தித் துடைத்துப் பாருங்கள். துணியில் சாம்பல் நிறம் தெரிந்தால் மறுபடி கழுவுங்கள். எனக்கு நான்காவது தடவைதான் துணி வெள்ளையாக வந்தது. ஈரம் உலர்ந்த உடனே சுவர் முழுக்க ஆயில் தடவிவிட வேண்டும். வார்ப்பிரும்பு, டீ குடித்துவிட்டு வருவதற்குள் செம்பழுப்பு பூத்துவிடும்.

மிச்ச மண்ணெண்ணெயை எந்தக் காரணத்துக்கும் தண்ணீர் பாட்டிலிலோ கலர் பாட்டிலிலோ ஊற்றி வைக்காதீர்கள். குழந்தைகள் எடுத்துக் குடித்துவிடுவது நம் ஊரில் புதிதல்ல. அப்படி நடந்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. வாந்தியோடு மண்ணெண்ணெய் மூச்சுக்குழாயில் இறங்கி நுரையீரலைக் கெடுத்துவிடும். நேராக ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மூடியுள்ள தகர டின்னில் ஊற்றி, மேலே எழுதி, பூட்டி வையுங்கள். நாலைந்து நாளில் வண்டல் அடியில் தங்கிவிடும். தெளிந்ததை மெல்ல இறுத்து அடுத்த முறை முதல் தட்டுக்கு வைத்துக்கொள்ளலாம். அடியில் நிற்கும் கசடைச் சாக்கடையில் கொட்டாமல், பழைய ஆயில் சேர்க்கும் சர்வீஸ் கடையில் கேட்டுப் பாருங்கள், அவர்கள் பீப்பாயில் இடமிருந்தால் வாங்கிக்கொள்வார்கள்.