டர்போ இன்ஜின் போய்விட்டதா? மாற்று தேடும் முன் பழையதைத் திறந்து பாருங்கள்

மேட்டில் நாலாவது கியரில் ஏறிக்கொண்டிருந்தபோது ஆயில் விளக்கு ஒரு நொடி எரிந்து அணைந்தது. அப்புறம் அடியிலிருந்து ஒரு சத்தம். முதலில் தகர டப்பாவுக்குள் கூழாங்கல் உருளுவது போல இருந்தது. ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்க சுத்தியலால் தட்டுவது போல ஆனது. இன்னும் இரண்டு கிலோமீட்டர்தானே, வீடு போய்ச் சேர்ந்துவிடலாம் என்று ஓட்டினேன். சத்தம் கேட்ட இடத்திலேயே நிறுத்தியிருந்தால் கிராங்க்கை (பிஸ்டன்களின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக மாற்றும் தண்டு) கடைசல் பிடித்து, அதைத் தாங்கும் பேரிங்கைப் புதிதாகப் போட்டு அந்த இன்ஜினைப் பிழைக்க வைத்திருக்கலாம். வாசலுக்கு வந்தபோது பிஸ்டனை கிராங்க்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடு, இன்ஜினின் உடலான பிளாக்கின் பக்கவாட்டில் இரண்டு விரல் நுழையும் அளவுக்கு ஓட்டை போட்டிருந்தது.

உங்கள் காரில் இப்போதுதான் சத்தம் ஆரம்பித்திருக்கிறது என்றால், மேற்கொண்டு படிப்பதற்கு முன் சாவியை எடுத்துவிடுங்கள். கட்டி இழுத்துப் போக ஆகும் செலவு எல்லாவற்றையும்விடச் சிறியது.

நான் செய்த அடுத்த தப்பு, மறுநாளே மாற்று இன்ஜின் தேட ஆரம்பித்தது. அதே மாடல், அதே இன்ஜின் குறியீடு, நசுங்கிய வண்டி ஒன்றிலிருந்து கழற்றியது. நன்றாகத்தான் இருந்தது. மூன்றே வாரத்தில் அதே கூழாங்கல் சத்தம். இந்த முறை புத்தி வந்திருந்தது, ஓரங்கட்டி நிறுத்திவிட்டேன். மெக்கானிக் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "தம்பி, முதல் இன்ஜின் எதனால போச்சுன்னு பார்த்தீங்களா?"

பார்க்கவில்லை. அது ஷெட் மூலையில் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தது. அடியில் ஆயில் தேங்கும் தொட்டியான ஆயில் பானைக் கழற்ற 20 நிமிஷம்தான் ஆனது. ஆயிலை உறிஞ்சும் குழாயின் வலையில் பாதிக்கு மேல் ஆரஞ்சு நிறத் துணுக்குகள் அடைத்திருந்தன. எப்போதோ நடந்த சர்வீஸில் யாரோ ஆயில் பானை ஒட்டும்போது சிலிக்கான் பசையைத் தாராளமாகப் பிதுக்கிவிட்டிருக்கிறார்கள். உள்பக்கம் வழிந்தது காய்ந்து, உதிர்ந்து, வலையில் போய் உட்கார்ந்துவிட்டது. ஆயில் கிடைக்காமல் பேரிங் தேய்ந்தது. தேய்ந்த பேரிங்கின் தூள் ஆயில் கூலருக்குள் போய்த் தங்கியது. அந்தக் கூலரைத்தான் நான் பெட்ரோல் ஊற்றி அலசி, 'சுத்தம்' என்று முடிவு செய்து இரண்டாவது இன்ஜினில் மாட்டியிருந்தேன்.

இதற்குப் பிறகு நான் கற்றுக்கொண்ட வரிசையில் சொல்கிறேன்.

பழைய இன்ஜினில் என்ன பார்க்க வேண்டும்

ஆயிலை வெள்ளைத் தட்டில் வடித்து, வெயிலில் சாய்த்துப் பாருங்கள். மினுமினுத்தால் உலோகம். ஆயில் ஃபில்டரை அதற்கென்று உள்ள கட்டரால் வெட்டித் திறக்க வேண்டும். ரம்பத்தால் அறுத்தால் ரம்பத் தூளும் சேர்ந்து குழப்பிவிடும். மடிப்புக் காகிதத்தை விரித்துக் காந்தத்தை ஓட்டினால் ஒட்டுவது இரும்பு. ஒட்டாமல் செம்பு நிறத்தில் இருப்பது பெரும்பாலும் பேரிங்கின் அடுக்கு. வெள்ளியாக, மென்மையாக இருந்தால் அலுமினியம். பிஸ்டன் பக்கம் சந்தேகப்படுங்கள்.

பெட்ரோல் டர்போவில் அதிகம் பார்ப்பது நாக்கிங்கால் (சிலிண்டருக்குள் பெட்ரோல் கலவை கட்டுப்பாடில்லாமல் வெடிப்பதால்) உடைந்த பிஸ்டன். பிஸ்டனைச் சுற்றியுள்ள இரண்டு ரிங்குகளுக்கு நடுவே இருக்கும் மெல்லிய விளிம்பு பிய்ந்துவிடும். ஸ்பார்க் பிளக்கின் வெள்ளைப் பீங்கானில் மிளகுத் தூள் தூவியது போல அலுமினியப் புள்ளிகள் இருந்தால் அதற்கான சாட்சி. இப்படிப் போன இன்ஜினுக்கு மாற்று வாங்கினால் மட்டும் போதாது. இன்ஜெக்டர் அடைப்பா, பெட்ரோல் பம்ப் அழுத்தம் குறைவா, யாராவது பூஸ்ட்டை (டர்போ திணிக்கும் காற்றின் அழுத்தத்தை) ஏற்றி வைத்தார்களா என்று கண்டுபிடிக்காவிட்டால் புது பிஸ்டனும் அதே வழியில் போகும்.

டர்போவே உடைந்து இன்ஜினைக் கெடுத்திருந்தால், காற்றைத் தள்ளும் கம்ப்ரஸர் சக்கரத்தின் துண்டுகள், அந்தக் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்குள் கிடக்கும். கூலன்ட் குறைந்து சூடேறிப் போயிருந்தால், சிலிண்டர்களை மேலே மூடும் ஹெட் வளைந்திருக்கலாம். நேர்ச்சட்டம் வைத்து, இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ் விட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். எத்தனை வளைவு வரை பொறுக்கலாம் என்பது அந்த இன்ஜினின் சர்வீஸ் மேனுவலில் இருக்கும். பல இன்ஜின்களுக்கு அது 0.05 மில்லிமீட்டர் அளவுதான், ஒரு தலைமுடியைவிட மெல்லியது.

எந்த வழி மலிவு

பிளாக்கும் கிராங்க்கும் தப்பித்திருந்தால் சொந்த இன்ஜினையே ஓவர்ஹால் செய்வதைத்தான் முதலில் யோசிப்பேன். அதன் சரித்திரம் உங்களுக்குத் தெரியும், குறியீடு பொருந்துமா என்ற கவலை இல்லை. லேத்தில் கிராங்க்கை 0.25 மில்லிமீட்டர் குறைத்து அதற்கேற்ற பேரிங் போடலாம், சிலிண்டரை 0.25 அல்லது 0.5 பெரிதாக்கி ஓவர்சைஸ் பிஸ்டன் போடலாம். ஆனால் வேலையை ஒப்புக்கொள்ளும் முன் இரண்டு விஷயம். உங்கள் இன்ஜினுக்கு ஓவர்சைஸ் பிஸ்டனும் பேரிங்கும் கிடைக்கின்றனவா? சிலிண்டர் சுவர் சாதாரண வார்ப்பிரும்பா, இல்லை மேலே பூச்சு பூசியதா? பூச்சுள்ள அலுமினிய பிளாக்கை எல்லா லேத்திலும் போர் பண்ண முடியாது. பழையபடி பூச்சு ஏற்றும் செலவு மொத்தக் கணக்கையும் கவிழ்த்துவிடும்.

ஹெட் மட்டும் நன்றாக இருந்தால் பிளாக், கிராங்க், பிஸ்டன் சேர்ந்த அரை இன்ஜின் வாங்கி, ஹெட்டை மேலே மாட்டலாம். இது நல்ல நடுவழி. ஹெட் போல்ட்டுகள் முறுக்கும்போது இழுபட்டு நீளும், ஒருமுறை மட்டும் பயன்படும் வகையாக இருந்தால் புதிது போட வேண்டும்; அதில் மிச்சம் பிடிக்காதீர்கள்.

பழைய வண்டியிலிருந்து கழற்றிய முழு இன்ஜின்தான் பலருக்கும் கட்டுப்படியாவது. அதைப் பற்றித் தனியாகச் சொல்கிறேன். கம்பெனி முறையில் புதுப்பித்து உத்தரவாதத்தோடு வரும் இன்ஜின் விலை கூடுதல். ஆனால் பழைய இன்ஜினைத் திருப்பிக் கொடுத்தால் ஒரு தொகையைக் கழிப்பார்கள். என்னுடையது போல ராடு வெளியே வந்த பிளாக்கை அதற்கு எடுத்துக்கொள்வார்களா என்று முன்பே கேட்டுவிடுங்கள். பலர் எடுத்துக்கொள்வதில்லை.

"டர்போ இல்லாத இன்ஜின் பாதி விலைக்குக் கிடைக்கிறது, அதில் டர்போவைக் கழற்றி மாட்டிக்கொள்ளலாம்" என்று யாராவது சொல்வார்கள். வேண்டாம். சுபாருவின் 2 லிட்டர் டர்போ இன்ஜினான ஈஜே205-இல் கம்ப்ரஷன் விகிதம் (சிலிண்டருக்குள் காற்று எத்தனை மடங்கு நெருக்கப்படுகிறது என்பது) பல மாடல்களில் 8:1. அதே குடும்பத்தில் டர்போ இல்லாத 2.5 லிட்டர் ஈஜே253-இல் சுமார் 10:1. ஏற்கனவே அவ்வளவு நெருக்கும் சிலிண்டருக்குள் டர்போ இன்னும் காற்றைத் திணித்தால் நாக்கிங் நிச்சயம். பிஸ்டனும் அந்தச் சுமைக்காகச் செய்யப்பட்டதில்லை. பல டர்போ இன்ஜின்களில் பிஸ்டனின் அடியில் ஆயில் பீய்ச்சும் சிறு குழாய்கள் இருக்கும். டர்போ இல்லாத சகோதர இன்ஜினில் அவை இல்லாமலும் போகலாம். டர்போவை விட்டுவிட்டு அந்த இன்ஜினை அப்படியே மாட்டுவதென்றால் வயரிங், ஈசியூ (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி), எக்ஸாஸ்ட் எல்லாம் கூடவே வர வேண்டும்.

செலவு காரின் இன்றைய மதிப்பில் பாதிக்கு மேல் போகும் என்று தெரிந்தால், காரை அப்படியே உடைப்புக்குக் கொடுப்பதையும் ஒரு வழியாகக் கணக்கில் வையுங்கள். எனக்கு மனசு வரவில்லை. அது வேறு விஷயம்.

கழற்றிய இன்ஜினை வாங்கும்போது

மோதி நசுங்கிய வண்டியின் இன்ஜின் எனக்குப் பிடிக்கும். ஓடிக்கொண்டிருந்ததால்தானே மோதியது. முழு வண்டியும் இன்னும் நின்றுகொண்டிருந்தால் இன்னும் நல்லது. பேட்டரி வைத்து ஓட்டிக் காட்டச் சொல்லலாம். ஸ்பீடோமீட்டரில் உள்ள கிலோமீட்டர் எண்ணையும் நீங்களே பார்க்கலாம்.

இன்ஜின் தனியாக மரப்பலகையில் கிடந்தால் முதலில் ஆயில் மூடியைத் திறந்து டார்ச் அடியுங்கள். உள்ளே தேன் நிறமாக இருந்தால் ஆயில் நேரத்துக்கு மாற்றியிருக்கிறார்கள். கருப்பாகத் தார் போலப் படிந்திருந்தால் கையைத் துடைத்துக்கொண்டு கிளம்பிவிடுங்கள். மோர் போல வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. மழையில் திறந்து கிடந்ததா, கேஸ்கெட் போனதா என்று நமக்குத் தெரியப்போவதில்லை.

பிறகு கிராங்க் போல்ட்டில் நீண்ட கம்பி ஸ்பானரைப் போட்டு இரண்டு முழுச் சுற்று சுற்ற வேண்டும். எங்கும் முட்டக் கூடாது. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, மெல்லிய வயரின் நுனியில் கேமரா உள்ள போரோஸ்கோப்பை உள்ளே விட்டால் சிலிண்டர் சுவரில் குறுக்கும் நெடுக்குமான ஹோனிங் கோடுகள் (தயாரிக்கும்போது தீட்டிய தடம்) தெரியும். அவை இருந்தால் நல்லது. மேலிருந்து கீழாக ஆழமான கீறல் இருந்தால் வேண்டாம்.

ஓடாத இன்ஜினில் எனக்கு நம்பிக்கை தருவது லீக்டவுன் சோதனைதான். பிஸ்டனை மேலே நிறுத்தி, சிலிண்டருக்குள் காற்றழுத்தம் கொடுத்து, எத்தனை சதவீதம் கசிகிறது என்று பார்ப்பது. 10 சதவீதத்துக்குள் இருந்தால் நல்லது, 20-ஐத் தாண்டினால் விலகிவிடலாம். கசிவைக் காதால் தேடுங்கள்: எக்ஸாஸ்ட் பக்கம் சீறினால் எக்ஸாஸ்ட் வால்வு, காற்று உள்ளே போகும் பக்கம் என்றால் இன்டேக் வால்வு, ஆயில் மூடி வழியே வந்தால் ரிங். ஓடும் வண்டியாக இருந்தால் கம்ப்ரஷன் சோதனை போதும்: பிளக் ஓட்டையில் கேஜ் மாட்டி, ஸ்டார்ட்டரைச் சுற்றி அழுத்தத்தை அளப்பது. ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்து, எல்லா பிளக்கையும் கழற்றி, பெட்ரோல் வராதபடி செய்து எடுக்க வேண்டும். எண் எவ்வளவு என்பதைவிட நாலு சிலிண்டரும் ஒன்றுக்கொன்று 10, 15 சதவீதத்துக்குள் இருக்கின்றனவா என்பதுதான் முக்கியம்.

கூடவே டர்போ வந்தால் அதன் சக்கரத்தை விரலால் ஆட்டிப் பாருங்கள். பக்கவாட்டில் மிக லேசான ஆட்டம் சாதாரண டர்போவில் இருக்கும், ஏனென்றால் அது ஆயில் படலத்தின் மேல் மிதந்து சுற்றுகிறது. முன்னும் பின்னுமாக அசைந்தால், சக்கரத்தின் நுனி கூட்டில் உரசியிருந்தால், அது டர்போ இல்லை, வெறும் இரும்பு.

பணம் கொடுக்கும் முன் இன்ஜின் எண்ணைப் படம் எடுங்கள். பதிவுச் சான்றில் அந்த எண் இருக்கும் இடங்களில் அதை மாற்றிப் பதிய வேண்டும். ரசீது இல்லாத இன்ஜின் எவ்வளவு மலிவாக வந்தாலும் தொடாதீர்கள். உத்தரவாதம் என்று சொன்னால் இன்ஜினுக்கு மட்டுமா, இறக்கி ஏற்றும் கூலிக்குமா என்று எழுதி வாங்குங்கள். பெரும்பாலும் இன்ஜினுக்கு மட்டும்தான். பிளாக்கில் சின்ன வட்டமாக ஒட்டியிருக்கும் வெப்ப வில்லையின் நடுப்பகுதி உருகியிருந்தால் உத்தரவாதம் போச்சு. இன்ஜின் சூடேறியதற்கு அதுதான் விற்றவர்களிடம் உள்ள அத்தாட்சி.

இன்ஜினைச் சுற்றி ஆகும் செலவு

இன்ஜினுக்குக் கொடுத்ததைவிட எனக்கு இதற்குத்தான் அதிகம் ஆனது. உலோகத் தூள் ஓடிய காரில் ஆயில் கூலரைப் புதிதாகத்தான் போட வேண்டும். உள்ளே அத்தனை நெளிவுகள், எந்தத் திரவம் ஊற்றி அலசினாலும் தூள் முழுக்க வராது. டர்போவுக்குப் போகும் ஆயில் குழாயைப் புதிதாகப் போடுங்கள்; அதன் போல்ட்டுக்குள் சிறு வலை இருந்தால் அதையும் பாருங்கள். இன்டர்கூலரைக் கழற்றி அலசி, நன்றாகக் காயவிட்ட பிறகே மாட்ட வேண்டும். பழைய இன்ஜின் ஆயில் குடித்து ஓடியிருந்தால் புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் அடைத்திருக்கலாம். அடைத்த கன்வர்ட்டரோடு புது இன்ஜினை ஓட்டினால் சூடு வெளியே போக வழியில்லை.

இன்ஜின் வெளியே இருக்கும்போது டைமிங் பெல்ட், வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட், கிராங்க்கின் பின்பக்க ஆயில் சீல், கிளட்ச் இவற்றை மாற்றினால் பாகத்தின் விலை மட்டும்தான். பின்னால் மாற்றினால் மறுபடி முழுக் கூலி.

எனக்கு கடைசியில் நடந்தது இதுதான். சத்தம் கேட்டதும் நிறுத்தியதால் இரண்டாவது இன்ஜினின் கிராங்க் 0.25 மில்லிமீட்டர் கடைந்ததோடு தப்பித்தது. புது பேரிங், புது ஆயில் பம்ப், புது கூலர். ஸ்டார்ட் செய்யும் முன் பெட்ரோலையும் இக்னிஷனையும் துண்டித்து, பத்து பத்து நொடியாக ஸ்டார்ட்டரை மட்டும் சுற்றி, மெக்கானிக் மாட்டியிருந்த அழுத்த கேஜின் முள் ஏறும் வரை காத்திருந்தோம். மூன்றாவது முறையில்தான் ஏறியது. 500 கிலோமீட்டரில் ஆயிலை மாற்றி, ஃபில்டரை வெட்டி, காகிதத்தை வெயிலில் விரித்துக் காந்தத்தை ஓட்டினேன். காந்தத்தில் ஒன்றும் ஒட்டவில்லை. ஒரு மடிப்பில் மட்டும் மயிரிழை போல ஆரஞ்சு நிறத்தில் ஒன்று இருந்தது. ஆயில் பானை மறுபடி கழற்றிப் பார்த்துவிட்டுத்தான் அன்றைக்குச் சாப்பிடப் போனேன்.