நிதி ஆலோசகரின் பதிவையும் பணி வரலாற்றையும் சரிபார்க்கும் முறை

கீழக்கரையிலும் தொண்டியிலும் வளைகுடாவிலிருந்து மாதந்தோறும் பணம் வரும் வீடுகளுக்கும், பாம்பனில் மீன்பிடித் தடைக்காலச் செலவுக்கென இறால் வருமானத்தில் எடுத்துவைக்கும் வீடுகளுக்கும், முதலீடு பற்றிச் சொல்ல வருபவர் பெரும்பாலும் தெரிந்தவர் மூலமாகவே வருகிறார். அதனாலேயே பதிவு எண்ணைக் கேட்கக் கூச்சப்படுகிறோம். தயங்காமல் கேளுங்கள்.

அவர் நீட்டும் விசிட்டிங் கார்டை நிதானமாகப் படியுங்கள். கட்டணம் வாங்கி முதலீட்டு ஆலோசனை சொல்பவர், பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் அரசு அமைப்பான செபியில் (SEBI) பதிவு செய்திருக்க வேண்டும். அந்தப் பதிவு எண்ணில் ‘ஐஎன்ஏ’ (INA) என்ற எழுத்துகளை அடுத்து ஒன்பது இலக்கங்கள் இருக்கும். ‘ஏஆர்என்’ (ARN) என்றிருந்தால் அவர் மியூச்சுவல் ஃபண்டு விநியோகஸ்தர், கமிஷனில் வாழ்பவர். அதில் தவறில்லை. ஆனால் மேலே பெரிதாக ‘வெல்த் அட்வைசர்’ என்றும் அடியில் பொடி எழுத்தில் ‘ஏஆர்என்’ என்றும் அச்சிட்டிருந்தால், ஆலோசகராகப் பதிவு செய்யாத விநியோகஸ்தர் அந்தப் பட்டத்தைப் போட்டுக்கொள்ளச் செபி விதிகள் இடம் தருவதில்லை.

எண் கிடைத்ததும், அவர் அனுப்பும் லிங்க்கைத் திறக்காமல், செபி இணையதளத்தின் பதிவு பெற்றோர் பட்டியலில் நீங்களே தேடுங்கள். வேறொருவரின் உண்மையான எண்ணைத் தம்முடையதாகக் காட்டும் மோசடியும் நடப்பதால், பெயர், முகவரி, மின்னஞ்சல், செல்லுபடியாகும் காலம் ஆகியவற்றை ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். பட்டியலில் உள்ள தொலைபேசி எண்ணை அழைத்து, வீட்டுக்கு வந்தவர் அவர்தானா என்று கேட்டுவிடுவது இன்னும் நல்லது.

பணி வரலாற்றில்தான் பலர் ஏமாறுகிறார்கள். முதலீட்டு ஆலோசகர்களுக்கான செபி ஒழுங்குமுறை 2013-இல்தான் வந்தது. ஆகவே, 25 ஆண்டுகளாகச் செபியில் பதிவு பெற்ற ஆலோசகர் என்று ஒருவர் சொன்னால் கணக்கு ஒத்துவராது. அதற்கு முன் காப்பீட்டு முகவராகவோ வங்கி ஊழியராகவோ பங்குத் தரகரிடமோ இருந்திருக்கலாம். எங்கே, எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை, ஏன் விலகினார் என்று கேட்டு ஒரு தாளில் எழுதுங்கள். இடையில் விடுபடும் ஆண்டுகளை அவரிடமே காட்டி விளக்கம் கேளுங்கள். பிறகு அவர் பெயரையும் பழைய நிறுவனங்களின் பெயர்களையும் செபி தளத்தில் உள்ள அமலாக்க ஆணைகளில், அதாவது விதி மீறியவர்கள் மீது செபி எடுத்த நடவடிக்கைகளின் ஆணைகளில் தேடுங்கள்.

ஆலோசனைக் கட்டணத்தை ரொக்கமாகக் கேட்டால் அத்துடன் நிறுத்திவிடுங்கள். காசோலை அல்லது வங்கி வழியாகவே அதை வாங்க வேண்டும் என்பது விதி. முதலீட்டுத் தொகையைத் தம் சொந்தக் கணக்குக்கு அனுப்பச் சொன்னாலும் அப்படியே. ஏற்கெனவே கொடுத்திருந்தால், ரசீதையும் வாட்ஸ்அப் செய்திகளையும் பத்திரப்படுத்தி, பதிவு பெற்றவர் மீது செபியின் ‘ஸ்கோர்ஸ்’ (SCORES) என்ற இணையப் புகார் தளத்திலும், பதிவில்லாமல் பணம் திரட்டியவர் மீது காவல்துறையின் பொருளாதாரக் குற்றப்பிரிவிலும் புகார் கொடுங்கள்.