கிராபிக்ஸ் கார்டு வாங்கும் முன் பெட்டியைத் திறந்து பாருங்கள்

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பாபநாசத்திலிருந்து அக்கா மகன் டிவிஎஸ் எக்ஸ்எல்லில் வந்து இறங்கினான். முன்னால் கால் வைக்கும் இடத்தில், சாக்கு சுற்றி, கயிறு கட்டி, ஒரு கம்ப்யூட்டர். தோள்பையில் பெட்டி பிரித்த புது கிராபிக்ஸ் கார்டு. “மாமா, கார்டு உள்ள போகவே மாட்டேங்குது” என்றான்.

எப்படிப் போகும்? அவனுடையது ஏதோ ஒரு அலுவலகத்தில் ஓடிக் கழித்துக் கட்டிய ஒல்லி டெஸ்க்டாப். சாதாரண கார்டின் பின்பக்கத் தகடு 12 சென்டிமீட்டர் உயரம். ஒல்லிப் பெட்டியில் சுமார் 8 சென்டிமீட்டர் தகடுதான் நிற்கும். “மூடியைத் திறந்து வெச்சே ஓட்டலாமா மாமா?” என்று கேட்டான். அதற்கும் வழியில்லை. கார்டுக்குத் தனியாக 6 பின் ஒயர் வேண்டும். கம்ப்யூட்டருக்குள் கரண்ட் பிரித்துத் தரும் அவனுடைய 240 வாட் எஸ்எம்பிஎஸ்ஸில் அந்த ஒயரே கிடையாது. வேறு எஸ்எம்பிஎஸ் மாற்றலாம் என்றால், அந்தப் பெட்டியின் எஸ்எம்பிஎஸ் கம்பெனி அளவில் செய்தது. கடையில் கிடைப்பது உள்ளே உட்காராது, மதர்போர்டில் சொருகும் முனையும் வேறு. ஒரே கார்டில் மூன்று தவறு. ஆன்லைனில் வாங்கியிருந்தான், நல்லவேளையாகத் திருப்பி அனுப்ப இரண்டு நாள் பாக்கி இருந்தது.

தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி, மயிலாடுதுறை என்று இந்தப் பக்கத்து வீடுகளில் இப்போது இருக்கும் டெஸ்க்டாப்களில் இப்படி ஆபீஸில் கழித்துவிட்டது நிறைய. விலைக்கு நல்ல பெட்டிகள்தான். ஆனால் கார்டு வாங்குகிறவர்கள் யூடியூப் பார்த்துக் கார்டைத் தேர்ந்தெடுத்துவிட்டு, கடைசியில்தான் பெட்டியைத் திறக்கிறார்கள். தலைகீழாகச் செய்ய வேண்டிய வேலை. முதலில் திருப்புளியை எடுங்கள்.

அதற்கும் முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது: உங்கள் கம்ப்யூட்டர் எதனால் இழுக்கிறது? பாதிப் பேருக்குக் கார்டே தேவையில்லை. கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். உங்கள் வழக்கமான வேலையை ஓடவிட்டு அதைப் பாருங்கள். டிஸ்க் 100 சதவீதத்தில் நிற்கிறதா, எஸ்எஸ்டி போடுங்கள். மெமரி நிரம்பி வழிகிறதா, ராம் போடுங்கள். பிளெக்ஸ் பேனர் கடையில் கோரல் டிரா திறக்க நேரமாகிறது என்று கார்டு தேடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க்கை வைத்துக்கொண்டு எந்தக் கார்டு போட்டாலும் அது அப்படித்தான் திறக்கும்.

ராமில் இன்னொரு விஷயம். புராசசருக்குள்ளேயே இருக்கும் உள் கிராபிக்ஸுக்குத் தனி மெமரி இல்லை. ராமைத்தான் கடன் வாங்கிக்கொள்ளும். டிடிஆர்4 2400 ராம் ஒற்றைக் குச்சியாக இருந்தால் நொடிக்கு 19.2 ஜிபி தரவு போய்வரும். அதே மாதிரி இன்னொன்றைச் சரியான சிலாட்டில் போட்டால் 38.4. விளையாட்டு திக்கித் திக்கி ஓடுவது இதிலேயே ஓரளவு சரியாகிவிடும். ரைசன் 3200ஜி போன்ற புராசசர் வைத்திருப்பவர்கள் ஒற்றை ராமோடு ஓட்டிவிட்டு ஜிடி 730 என்ற கார்டை வாங்கலாமா என்று கேட்கும்போது எனக்கு வயிற்றெரிச்சலாக இருக்கும். இரண்டு ராம் போட்டால் அந்த உள் கிராபிக்ஸே ஜிடி 730ஐ முந்திவிடும்.

அந்த ஜிடி 730ஐப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஏனென்றால் அதிகம் ஏமாறுவது அங்கேதான். பெட்டிமேல் பெரிய எழுத்தில் ‘4 ஜிபி’ என்று இருக்கும். கடையிலும் “2 ஜிபி வேணுமா, 4 ஜிபி வேணுமா” என்றுதான் கேட்பார்கள். கார்டில் ஜிபி என்பது பத்தாயத்தின் அளவு மாதிரி. அதிலிருந்து நெல்லை அள்ளும் வாய் எவ்வளவு அகலம் என்பதுதான் வேகம். ஜிடி 730 என்ற ஒரே பெயரில் 2014இலிருந்து பல ரகம் வந்திருக்கிறது. 64 பிட் டிடிஆர்3 ரகம் நொடிக்கு 14.4 ஜிபி; ஜிடிடிஆர்5 ரகம் 40 ஜிபி. முன் சொன்ன ஒற்றைக் குச்சி ராமைவிட அந்த முதல் ரகத்தின் வாய் சிறியது. அதில் 4 ஜிபி வைத்து என்ன செய்ய? நிரப்பி முடிப்பதற்குள் விளையாட்டு உட்கார்ந்துவிடும்.

ஜிடி 1030இலும் இதே கதை. 2017இல் வந்தது ஜிடிடிஆர்5, நொடிக்கு 48 ஜிபி. அடுத்த ஆண்டே அதே பெயரில் டிடிஆர்4 போட்டு ஒன்றை விட்டார்கள், அது 16.8. பெட்டியின் முகப்பில் வித்தியாசம் தெரியாது. பக்கவாட்டில் சின்ன எழுத்தில் மெமரி ரகம் இருக்கும், அதைப் படியுங்கள். டிடிஆர் என்பதற்கு முன்னால் ஜி இருக்கிறதா? இல்லையென்றால் வைத்துவிட்டு வாருங்கள். ஜிடி 710, ஜிடி 730 கார்டுகளில் பெரும்பாலானவற்றுக்கு என்விடியா கம்பெனி புது டிரைவர் (கார்டை விண்டோஸ் இயக்க உதவும் மென்பொருள்) தருவதையும் 2021இல் நிறுத்திவிட்டது. உள் கிராபிக்ஸ் செத்துப்போன பெட்டியில் படம் வந்தால் போதும் என்றால் போடலாம். விளையாட என்று அவற்றை இன்று வாங்குவது பணத்தை வாய்க்காலில் விடுவதுதான்.

விளையாட்டுக்கு இல்லை, தொழிலுக்கு என்பவர்களுக்கு வேறு ஒரு குழி. கும்பகோணத்தில் எனக்குத் தெரிந்த ஸ்டுடியோ அண்ணன் ஒருவர், தை முகூர்த்தங்களுக்கு முன்னால் வீடியோ வேலையை வேகப்படுத்தலாம் என்று ஜிடி 1030 வாங்கிப் போட்டார். இரண்டு நாளில் போன் வந்தது. “தம்பி, கார்டு போட்டதுக்கு அப்புறம்தான் ரொம்ப லேட்டாவுது.” எனக்கு முதலில் நம்பிக்கையில்லை. போய்ப் பார்த்தால் அவர் சொன்னது அப்படியே உண்மை.

நடந்தது இதுதான். அவருடைய இன்டெல் ஐ5 புராசசருக்குள் குயிக் சிங்க் என்று வீடியோவைச் சுருக்குவதற்கே ஒரு பகுதி இருக்கிறது. அவர் கல்யாண வீடியோவை எக்ஸ்போர்ட் செய்யும்போது இத்தனை நாள் உழைத்தது அதுதான். புதுக் கார்டைப் போட்டதும் மதர்போர்டு, “இனி உள் கிராபிக்ஸ் எதற்கு” என்று தானாகவே அதை அணைத்துவிட்டது. சரி, கார்டாவது அந்த வேலையைச் செய்ய வேண்டுமே? ஜிடி 1030இல் வீடியோவைச் சுருக்கும் என்கோடர் கிடையாது. ஆக மொத்தச் சுமையும் புராசசர் தலையில். கம்ப்யூட்டரின் அடிப்படை அமைப்புகள் இருக்கும் பயாஸுக்குள் போய் உள் கிராபிக்ஸை மறுபடி இயக்கிவிட்டதும் பழைய வேகம் வந்தது. ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 6400 கார்டிலும் என்கோடர் இல்லை. விளையாட்டுக்குப் பரவாயில்லை, ஸ்டுடியோவுக்கு ஆகாது. எடிட்டிங்குக்கு வாங்குகிறவர்கள், அந்தக் கார்டில் என்கோடர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பணம் கட்ட வேண்டும்.

இனி மின்சாரம். கார்டு சொருகும் பிசிஐ எக்ஸ்பிரஸ் சிலாட் தன் வழியாகவே 75 வாட் வரை தரும். அதற்குள் அடங்கும் கார்டுக்குத் தனி ஒயர் வேண்டாம். அதற்கு மேல் போனால் 6 பின் ஒயர் இன்னொரு 75 வாட், 8 பின் ஒயர் 150 வாட். உங்கள் எஸ்எம்பிஎஸ்ஸில் இந்த ஒயர்கள் இல்லையென்றால், “உனக்கு 75 வாட்டுக்குள்தான்” என்று பெட்டியே சொல்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சாட்டா ஒயரை 6 பின்னாக மாற்றும் அடாப்டர் மலிவாகக் கிடைக்கும், வாங்காதீர்கள். அந்த முனை அவ்வளவு கரண்ட் தாங்காது, உருகும்.

ஒயர் இருந்தாலும் ‘500 வாட்’ என்று ஒட்டியிருப்பதை அப்படியே நம்ப வேண்டாம். கேபினெட்டோடு இலவசமாக வந்த எஸ்எம்பிஎஸ்ஸாக இருந்தால் டார்ச் அடித்து அதன் பக்கவாட்டு லேபிளைப் படியுங்கள். +12 வோல்ட் என்ற கட்டத்தில் எத்தனை ஆம்பியர் போட்டிருக்கிறது? 14 என்று இருந்தால் 12ஆல் பெருக்குங்கள்: 168 வாட். புராசசருக்கும் கார்டுக்கும் உண்மையில் கிடைப்பது அவ்வளவுதான். புராசசர் 65, கார்டு 75, மதர்போர்டு, டிஸ்க், விசிறிகளுக்கு ஒரு 40 என்று கூட்டினாலே தாண்டிவிடுகிறது. 500 என்ற எண் ஸ்டிக்கரில் மட்டும் இருக்கும்.

நம் பக்கத்தில் இதோடு யூபிஎஸ்ஸையும் கணக்கில் சேர்க்க வேண்டும். வீடுகளில் இருக்கும் 600 விஏ யூபிஎஸ் பொதுவாக 360 வாட்தான் தரும். அதில்தான் மானிட்டரும் தொங்குகிறது. வயலில் மோட்டார் போட்டால் வீட்டு டியூப் லைட் மங்கும் ஊர்களில் அந்த பேட்டரி ஒரு நாளைக்கு எத்தனை தரம் வேலை செய்கிறது என்று எண்ணிப் பாருங்கள். கார்டு போட்ட பிறகு கரண்ட் போன நொடியே கம்ப்யூட்டரும் அணைந்தால் கார்டைக் குறை சொல்லாதீர்கள். பேட்டரி மாற்றிப் பாருங்கள்.

சென்னை ரிச்சி தெருவிலோ தெரிந்தவரிடமோ செகண்ட் ஹேண்ட் வாங்குவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. நானே வாங்கியிருக்கிறேன். 2022 செப்டம்பரில் எத்தீரியம் என்ற டிஜிட்டல் நாணயம், கார்டுகளைக் கணக்குப் போடவைத்து நாணயம் தோண்டும் முறையையே கைவிட்டது; இரவு பகலாக உழைத்த கார்டுகள் சந்தைக்கு வந்துவிட்டன. ஆர்எக்ஸ் 580 என்று 8 ஜிபி கார்டு அதில் நிறைய. மலிவு ஆசை காட்டும். ஆனால் அது 185 வாட் குடிக்கும் கார்டு. நாம் பேசிக்கொண்டிருக்கும் பெட்டிகளுக்கு ஆகாது. இன்னொரு வகை, போலி. பழைய கார்டின் பயாஸை மாற்றி எழுதி ஜிடிஎக்ஸ் 1050 டிஐ என்று பெயர் காட்டும்படி செய்துவிடுவார்கள். விண்டோஸும் அதை நம்பும். ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளைப் பென் டிரைவில் கொண்டுபோய் ஓடவிடுங்கள். போலியாக இருந்தால் பெயருக்கு முன்னாலேயே அப்படிக் காட்டிவிடும். கண்ணால் பார்க்க ஓர் அடையாளமும் உண்டு. 10 தொடரிலிருந்து என்விடியா அனலாக் வெளியீட்டையே எடுத்துவிட்டது. ஆகவே 1050 டிஐ என்று சொல்லும் கார்டில் நீல நிற விஜிஏ துளை இருந்தால் சந்தேகப்படுங்கள்.

வேதாரண்யம், நாகப்பட்டினம் பக்கம் ஓடிய கார்டு என்றால் தங்க நிறப் பற்களையும் திருகாணிகளையும் பாருங்கள். உப்புக்காற்று பட்டுப் பச்சைக் களிம்போ துருவோ இருந்தால் வேண்டாம். உள்நாட்டில் உப்பு இல்லை, வைக்கோல் தூசி. சம்பா அறுவடை நேரத்தில் களத்துப் பக்கத்து வீட்டில் ஒரு மாதம் ஓடிய கார்டின் விசிறிக்கடியில் ஒரு கைப்பிடித் தூசி எடுத்திருக்கிறேன். அதனால் விசிறி இல்லாத கார்டு நல்லதா என்று கேட்டால், காற்றோட்டமே இல்லாத ஒல்லிப் பெட்டியில் அது சூட்டில் வேகும். விசிறி உள்ளதை வாங்கி, அறுவடை முடிந்ததும் ஒரு தரம் பிரஷ் போட்டுத் துடைப்பதே மேல்.

அப்படியானால் எதை வாங்குவது? தனி ஒயர் இல்லாத பெட்டிக்குப் புதிதாக வாங்க என் தேர்வு ஆர்டிஎக்ஸ் 3050இன் 6 ஜிபி ரகம். 2024இல் வந்தது, 70 வாட்தான். குட்டைத் தகட்டிலும் கிடைக்கிறது. ஆனால் அதே பெயரில் 8 ஜிபி ரகமும் இருக்கிறது. அது 130 வாட், ஒயர் கேட்கும். ஜிபி கூட இருக்கிறதே என்று அதைத் தூக்கிவிடாதீர்கள். பழையது போதும் என்றால் 6 பின் ஒயர் கேட்காத ஜிடிஎக்ஸ் 1650. 1050 டிஐயையும் இந்த வேலைக்குச் சொல்வார்கள். ஆனால் அந்தத் தலைமுறைக்கு விளையாட்டு டிரைவர் 2025 அக்டோபரோடு நின்றுவிட்டது. இனிப் பாதுகாப்புத் திருத்தம் மட்டும்தான். 1650க்கு இன்னும் வருகிறது. ஆர்எக்ஸ் 6400 53 வாட்தான், ஒல்லிப் பெட்டிக்கு அழகாகப் பொருந்தும். ஆனால் சிலாட்டில் தரவு போய்வரும் 4 பாதையை மட்டும் பயன்படுத்தும் கார்டு அது. பழைய மதர்போர்டில் அதன் வேகம் குறையும். இன்டெல் ஆர்க் ஏ380 வாங்க நினைப்பவர்கள் பயாஸில் ரீசைசபிள் பார் (கார்டின் மெமரி முழுவதையும் புராசசர் ஒரே தடவையில் எட்டவிடும் வசதி) இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் அது நொண்டும்.

புராசசர் இன்டெல்லின் இரண்டாம், மூன்றாம் தலைமுறையாக இருந்தால் இவை எதற்கும் செலவழிக்க நான் சொல்ல மாட்டேன். சில பழைய மதர்போர்டுகள் பயாஸ் புதுப்பிக்கும் வரை புதுக் கார்டில் படமே காட்டாது. காட்டினாலும் புராசசரால் ஈடுகொடுக்க முடியாது.

அக்கா மகனுடையது ஆறாம் தலைமுறை ஐ5. கார்டைத் திருப்பி அனுப்பினான். முதலில் எஸ்எஸ்டியும் இன்னொரு 8 ஜிபி ராமும் போட்டோம். பணம் சேர்ந்ததும் செகண்ட் ஹேண்டில் குட்டைத் தகட்டு 1650 ஒன்று தேடிப் பிடித்தான். அது வந்த அன்று ராத்திரி பத்து மணிக்குப் போன். “மாமா, விசிறி சுத்துது, கேம் பழையபடிதான் ஓடுது. ஏமாத்திட்டாங்களோ?”

“மானிட்டர் ஒயரை எதுல சொருகியிருக்க?”

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் பெட்டியை இழுக்கும் சத்தம். பழைய பழக்கத்தில், உள் கிராபிக்ஸ் அணையாமல் இருந்த மதர்போர்டிலேயே சொருகியிருக்கிறான். கார்டில் எச்டிஎம்ஐ, அவனுடைய மானிட்டரில் விஜிஏ மட்டும். மறுநாள் பாபநாசத்தில் ஒயர் வாங்கப் போனவனிடம், வெறும் ஒயர் வேலை செய்யாது, உள்ளே சிப் வைத்த கன்வெர்ட்டராகக் கேட்டு வாங்கு என்று சொல்லி அனுப்பினேன்.