முகாமில் கழிப்பிடத்துக்கு இடம் தேர்ந்தெடுப்பது எப்படி?

கூடாரங்களையும் அடுப்பையும் அமைத்து முடித்தபின், எஞ்சியிருக்கும் மறைவான மூலை ஒன்றைக் கழிப்பிடத்துக்கு ஒதுக்குவது பலருடைய வழக்கம். இந்த வரிசை தவறானது. மறைவை நான்கு கம்புகளும் ஒரு தார்ப்பாயும் கொண்டு எங்கும் உண்டாக்கிக்கொள்ளலாம். நிலத்தின் சரிவை மாற்ற முடியாது.

ஆகவே முதலில் நீர் எங்கே இருக்கிறது, மழை பெய்தால் எந்தப் பக்கம் ஓடும் என்று பார்க்க வேண்டும். ஆறு, ஓடை, குளம், கிணறு, ஊற்று ஆகிய எதிலிருந்தும் குறைந்தது 60 மீட்டர், அதாவது பெரியவர் ஒருவரின் நடையில் ஏறத்தாழ 80 எட்டு, தள்ளியிருப்பதும், குடிநீர் எடுக்கும் இடத்துக்கு மேட்டுப்புறமாக அமையாதிருப்பதும் இன்றியமையாதவை. வறண்டு கிடக்கும் ஓடைப் படுகையையும் நீர்நிலையாகவே கருத வேண்டும். ஒரே மழையில் குழியில் உள்ளதெல்லாம் கீழே இருப்பவர்களின் குடிநீரில் கலந்துவிடும்.

அடுத்து மண்ணைத் தோண்டிப் பார்க்க வேண்டும். குழியில் நீர் கசிந்தால் நிலத்தடி நீர் அருகில் இருக்கிறது என்று பொருள். அவ்விடத்தைக் கைவிட்டு மேடான இடம் தேட வேண்டும். பாறை வெடிப்புகள் உள்ள இடமும் ஆகாது, ஏனெனில் மண்ணில் வடிகட்டப்படாமலேயே கழிவு வெகுதூரம் சென்றுவிடும். இலைமட்கு கலந்த கருமையான மேல்மண்ணில் நுண்ணுயிர்கள் மிகுதி என்பதால் கழிவு விரைவாக மட்கும். ஓரிருவர் மட்டும் தங்குவதானால் 15 முதல் 20 செ.மீ. ஆழமுள்ள சிறு குழி போதும். அதைவிட ஆழமாகத் தோண்டினால், அந்த நுண்ணுயிர்கள் குறைந்த அடிமண்ணில் கழிவு மட்காமல் கிடக்கும்.

பலர் சில நாட்கள் தங்கும் முகாமுக்கு நீளவாட்டுக் குழி தேவைப்படும். அது சமையலிடத்திலிருந்து 50 மீட்டருக்குக் குறையாமல், காற்று முகாமைக் கடந்து செல்லும் பக்கத்தில் இருக்கட்டும். நாற்றத்தைவிட ஈக்களே பெரிய கவலை. அவை மலத்திலிருந்து நேரே உணவுக்கு வரும். அதற்காக மிகத் தொலைவில் அமைத்தாலும் பயனில்லை: இருட்டில் அவ்வளவு தூரம் நடக்கத் தயங்குகிறவர்கள் கூடாரத்தின் பின்புறமே ஒதுங்கிவிடுவார்கள். வழியில் முள்ளும் புதரும் இல்லாதிருப்பதையும், தலைக்கு மேல் பட்டுப்போன கிளைகள் தொங்காதிருப்பதையும், அருகில் பாம்பு அடையக்கூடிய கற்குவியலோ விழுந்த மரமோ இல்லாதிருப்பதையும் பகலிலேயே பார்த்துக்கொள்ள வேண்டும்.

தோண்டிய மண்ணைக் குழியோரம் குவித்து ஒரு மண்வெட்டியையும் வைத்தால், ஒவ்வொருவரும் பயன்படுத்தியவுடன் மண் தள்ளி மூடலாம். கை கழுவும் தண்ணீரும் சோப்பும் முகாமுக்குத் திரும்பும் பாதையிலேயே இருக்க வேண்டும். தரைமட்டத்துக்கு 30 செ.மீ. இருக்கும்போதே குழியை மண்ணிட்டு இறுக்கி, சற்று மேடாக மூடிவிட வேண்டும். மண் நாளடைவில் அமிழும்.