போலிஷில் மறையும் எகரமும் ஆய்வில் நேரும் தவறுகளும்

போலிஷ் மொழியில் மூன்று சொற்களை எடுத்துக்கொள்வோம். எரிமலை வாய் ‘க்ராத்தெர்’. ஆறாம் வேற்றுமையில் ‘க்ராத்தெரு’. கம்பளிச் சட்டை ‘ஸ்ஃபெத்தெர்’; அது ‘ஸ்ஃபெத்ரா’ ஆகும்போது இரண்டாம் எகரம் மறைந்துவிடுகிறது. காற்று ‘வியாத்ர்’, ‘வியாத்ரு’. அங்கே தகரத்துக்கும் ரகரத்துக்கும் நடுவே எகரமே கிடையாது. இம்மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்காமல் விதி எழுதுவதுதான் ஸ்லாவிய (போலிஷ், ரஷ்யம், செக் முதலியன அடங்கிய மொழிக்குடும்பம்) ஒலியியலில் அடிக்கடி காணும் தவறு.

‘ஈறு உயிரில் தொடங்கினால் எகரம் கெடும்’ என்று எழுதினால் ‘க்ராத்தெரு’ மறுக்கும். ‘மெய்ம்மயக்கத்தைப் பிரிக்க எகரம் தோன்றும்’ என்று திருப்பினால் ‘வியாத்ர்’ மறுக்கும். ஆகவே மறையும் எகரம் சாதாரண எகரத்திலிருந்து வேறானது என்பதை அந்தந்தச் சொல்லிலேயே குறித்தாக வேண்டும். தரவு திரட்டும்போது பன்மை ஆறாம் வேற்றுமையையும் விடக்கூடாது. ‘மாத்கா’ (தாய்) போன்ற பெண்பாற்சொற்களில் அந்த உயிர் வெளிப்படும் இடமே அதுதான்: ‘மாத்தெக்’.

இதற்கெல்லாம் வரலாற்றையே விடையாகக் காட்டுவது இன்னொரு தவறு. பழைய ஸ்லாவியத்தில் நம் குற்றியலிகர, குற்றியலுகரங்களை நினைவூட்டும் இரு மிகக்குறுகிய உயிர்கள் இருந்தன. சொல்லின் கடைசியிலிருந்து எண்ணினால் ஒற்றைப்படையில் நிற்பது கெடும், இரட்டைப்படையில் நிற்பது முழு உயிராகும். இடையில் முழு உயிர் வந்தால் எண்ணிக்கை மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். செக் அறிஞர் அன்டோனின் ஹாவ்லீக் 1889இல் கண்ட ஒழுங்கு இது. ரஷ்ய மொழியில் ‘சோன்’ (உறக்கம்) ‘ஸ்னா’ ஆவதும், ‘ஸ்லோன்’ (யானை) ‘ஸ்லனா’ என்று உயிரை இழக்காமல் நிற்பதும் இதனால் விளங்கும். ஆனால் ‘ஸ்ஃபெத்தெர்’ ஆங்கிலத்திலிருந்து வந்த கடன்சொல். அது வந்தபோது அந்தக் குற்றுயிர்கள் மறைந்து பல நூற்றாண்டுகள் ஆகியிருந்தன. எனவே இன்றைய பேச்சாளரின் இலக்கணத்திலேயே இந்த மாற்றம் உயிரோடு இருக்கிறது. அதற்குத் தனியாகச் சான்று தர வேண்டும்.

எழுத்தையே ஒலியாகக் கொள்வதும் ஆபத்து. தண்ணீரை ரஷ்யர் ஒகரத்தோடு எழுதி ‘வதா’ என்கின்றனர். பெலாரூசியர் அகரத்தோடே எழுதுகின்றனர். எழுத்தை மட்டும் ஒப்பிட்டால் இல்லாத வேற்றுமை தெரியும். தமிழ் எழுத்தில் குறிப்பெடுப்பவர்களுக்கு இதில் கூடுதல் கவனம் தேவை. ரஷ்ய மொழியில் புல்வெளியும் வெங்காயமும் எழுவாயில் ஒரே ‘லூக்’தான். ஆறாம் வேற்றுமையில் முன்னதில் ‘தங்கம்’ என்பதன் ககரமும், பின்னதில் ‘பக்கம்’ என்பதன் ககரமும் கேட்கும். இந்த ஒலிப்பு வேறுபாட்டை நம் எழுத்து தனியாகக் காட்டாது. பன்னாட்டு ஒலியெழுத்தில்தான் எழுத வேண்டும்.

தொடரியலில், ரஷ்ய மொழியில் 2, 3, 4க்குப் பின் வரும் வடிவத்தை ‘ஒருமை ஆறாம் வேற்றுமை’ என்று மட்டும் குறித்து நகர்ந்துவிடுகிறார்கள். ‘இரண்டு மணிநேரம்’ என்னும்போது ‘சஸா’வின் (‘மணிநேரம்’ என்ற சொல்லின் அந்த வடிவம்) அழுத்தம் கடைசி அசையில், ‘சுமார் ஒரு மணிநேரம்’ என்னும்போது முதல் அசையில். பெயர்ச்சொல் ஒருமை போலத் தோன்றும் அதே தொடரில் பெயரடை பன்மையில் நிற்கும். எனவே அழுத்தக்குறியோடும் பெயரடையோடும் சேர்த்தே எடுத்துக்காட்டுகளைப் பதிய வேண்டும். போலிஷ் இங்கே வேறு வழியில் போகிறது: ‘த்வா ஸ்தோவி’ (இரண்டு மேசைகள்) என்பதில் நிற்பது எழுவாய்ப் பன்மை.