என்எஃப்எஸ் பேட்ச் ரிவியூ: முதல் தடவை செய்பவர்களுக்கு

திருநெல்வேலி, தென்காசி பக்கத்துக் கல்லூரிகளில் படிக்கும் தம்பி தங்கைகள் லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கர்னலுக்குள் எப்படி நுழைவது என்று கேட்டால், சொந்தமாக எழுதும் முன் பிறர் எழுதிய பேட்ச்களை, அதாவது கோடு மாற்றங்களை, ரிவியூ செய்து பழகுங்கள் என்றுதான் சொல்வேன். அதற்கு என்எஃப்எஸ் (நெட்வொர்க் ஃபைல் சிஸ்டம்) அருமையான இடம். 1984இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் உருவாக்கியது இது. வேறொரு கணினியின் டிஸ்க்கை நம் கணினியின் ஃபோல்டர் போலவே காட்டும். வண்ணார்பேட்டையில் கல்யாண ஆல்பம் போடும் ஒரு ஸ்டூடியோவை நினைத்துக்கொள்ளுங்கள். படங்கள் எல்லாம் கீழ்த்தளத்து சர்வரில் இருக்கும். மாடியில் உட்கார்ந்து எடிட் செய்பவர்கள் அதை மவுண்ட் செய்து, அதாவது தங்கள் கணினியில் இணைத்து, வேலை பார்ப்பார்கள். கர்னலில் ஒரு பிழை நுழைந்தால் யாரோ ஒருவருடைய தாலி கட்டும் படமே போய்விடும். அந்த அக்கறையோடு உட்காருங்கள்.

முதலில், பேட்ச் எந்த இடத்தைத் தொடுகிறது என்று பாருங்கள். கர்னலின் எஃப்எஸ் ஃபோல்டருக்குள் ‘என்எஃப்எஸ்’ என்பது கோப்பைக் கேட்கும் கிளையன்ட், ‘என்எஃப்எஸ்டி’ என்பது கொடுக்கும் சர்வர். இரண்டுக்கும் அடியில் செய்தியைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் சன்ஆர்பிசி, நெட் ஃபோல்டரில் இருக்கிறது. கிளையன்டுக்கும் சர்வருக்கும் பராமரிப்பாளர்கள் வேறு வேறு. ஒரே பேட்ச் இரண்டையும் மாற்றினால், பிரித்து அனுப்பச் சொல்லலாம்.

அடுத்து பேட்சோடு வரும் விளக்கக் குறிப்பு. கோடுக்குள் போகும் முன் இதை முழுதாகப் படியுங்கள். என்ன கோளாறு, யாருக்கு எப்போது தெரிந்தது, ஏன் இந்த வழியில் சரிசெய்திருக்கிறார்கள் என்ற மூன்றுக்கும் பதில் இருக்க வேண்டும். கோளாறை முதலில் கொண்டுவந்த பழைய மாற்றத்தைச் சுட்டும் ‘ஃபிக்ஸஸ்’ என்ற வரி இருந்தால், அதில் உள்ள 12 எழுத்து ஹாஷை (அந்த மாற்றத்தின் அடையாளம்), கோடு மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் கருவியின் ‘கிட் ஷோ’வில் கொடுத்து அதையும் படியுங்கள். கோளாறு உண்மையிலேயே அங்கேதான் பிறந்ததா? பலர் தாண்டிப்போகும் இடம் இது.

சரி, இப்போது ‘கிட் ஏஎம்’ மூலம் பேட்சை உங்கள் கர்னல் கோடில் சேர்த்து கம்பைல் செய்யுங்கள். பல பேட்ச்கள் தொடராக வந்திருந்தால் ஒவ்வொன்றாகச் சேர்த்து, ஒவ்வொரு படியிலும் கம்பைல் ஆகிறதா என்று பார்க்க வேண்டும். இடைவெளி, வரி நீளம் போன்றவற்றை செக்பேட்ச் என்ற ஸ்கிரிப்ட் பார்த்துக்கொள்ளும். உங்கள் கண்ணை அதில் வீணாக்காதீர்கள்.

இனிமேல்தான் உண்மையான வேலை. ஒவ்வொரு மாற்றத்திடமும் ஒரே கேள்வி கேளுங்கள்: பதில் வழியில் தொலைந்துபோனால் என்ன ஆகும்?

அண்ணாச்சி கடைக்குப் போன் போட்டு ஒரு மூட்டை அரிசி சொல்கிறீர்கள். அவர் பதில் சொல்லும் முன் லைன் கட்டாகிவிட்டது. மறுபடி கூப்பிட்டுச் சொன்னால் இரண்டு மூட்டை வந்து இறங்கலாம். என்எஃப்எஸ் தினமும் இந்த நிலைமையில்தான் இருக்கிறது. கிளையன்ட் ஒரு கோப்பை அழிக்கச் சொல்கிறது. சர்வர் அழித்துவிட்டது, ஆனால் பதில் வந்து சேரவில்லை. கிளையன்ட் மறுபடி கேட்கிறது. இப்போது கோப்பு இல்லை என்பதால் சர்வர் ‘அப்படி ஒரு கோப்பே இல்லை’ என்கிறது. நடந்து முடிந்த வேலை தோல்வியாகத் தெரிகிறது. இதைத் தடுக்கத்தான் சர்வர் தன் பழைய பதில்களை ஒரு கேஷில் (தற்காலிகச் சேமிப்பில்) வைத்திருந்து, அதே கோரிக்கை திரும்ப வந்தால் அதே பதிலைக் கொடுக்கிறது. 2010இல் வந்த என்எஃப்எஸ் 4.1 பதிப்பு, செஷன் (இருவருக்கும் இடையிலான தொடர்பு), அதற்குள் ஸ்லாட் (ஒரு கோரிக்கைக்கான இடம்), வரிசை எண் என்று இதை ஒழுங்காகவே கட்டிக்கொடுத்தது. பேட்ச் இந்தப் பகுதியைத் தொட்டால், திரும்ப வரும் கோரிக்கை எந்த வழியில் போகும் என்று காகிதத்தில் வரைந்து பார்க்காமல் நகராதீர்கள்.

எழுதுவதிலும் இதே கதைதான். 1995இல் வந்த என்எஃப்எஸ் மூன்றாம் பதிப்பிலிருந்து சர்வர் தரவை மெமரியில் மட்டும் வாங்கிக்கொண்டு ‘வந்துவிட்டது’ என்று சொல்லலாம். அப்புறம் கிளையன்ட் ‘கமிட்’ கேட்கும்போதுதான் அது டிஸ்க்கில் நிலையாகிறது. நடுவில் கரண்ட் போய் சர்வர் மறுபடி கிளம்பினால்? சர்வர் பதிலோடு தரும் 8 பைட் அடையாளமான வெரிஃபையர் மாறியிருக்கும். அதைப் பார்த்து கிளையன்ட், கமிட் ஆகாத எல்லாவற்றையும் மறுபடி அனுப்ப வேண்டும். அதனால் வெரிஃபையரை ஒப்பிடும் வரியைப் பேட்ச் தொட்டாலோ, அந்தத் தரவு இருக்கும் மெமரி பக்கங்களைச் சீக்கிரமே விட்டுவிட்டாலோ, கேள்வி கேளுங்கள். ஸ்டூடியோவின் படங்கள் தொலையும் இடம் இதுதான்.

வெளியிலிருந்து வரும் எந்த எண்ணையும் நம்பக் கூடாது. கோப்பை அடையாளம் காட்டும் ஹேண்டிலின் உச்ச நீளம் மூன்றாம் பதிப்பில் 64 பைட், நான்காம் பதிப்பில் 128. 64 பைட் இடம் மட்டும் வைத்துக்கொண்டு, வந்த நீளத்தைச் சரிபார்க்காமல் நகலெடுத்தால் மெமரி கெட்டுவிடும். எண்கள் பெரிய பைட் முதலில் வரும் வரிசையில் வரும். மாற்றாமல் படித்தால் நம் லேப்டாப்பில் 1 என்பது 16777216 ஆகிவிடும். இந்தப் பிழையை, கோடை ஓட்டாமலே சோதிக்கும் ‘ஸ்பார்ஸ்’ கருவி பெரும்பாலும் பிடித்துக்கொடுக்கும்.

தோல்வி வழிகளையும் ஒவ்வொன்றாக நடந்து பாருங்கள். மேலே எடுத்த ரெஃபரன்ஸ் (‘இதை நான் பயன்படுத்துகிறேன்’ என்ற கணக்கு), பூட்டிய லாக் எல்லாம் பாதியில் வெளியேறும் வழியிலும் விடப்படுகின்றனவா? கிளையன்டில் இன்னொன்றும் உண்டு. மெமரி தீரும்போது கர்னல், இன்னும் எழுதப்படாத மெமரி பக்கங்களை சர்வருக்கு அனுப்பி இடத்தைக் காலி செய்யப் பார்க்கும். அந்த அனுப்பும் வழியிலேயே ‘ஜிஎஃப்பி கர்னல்’ என்ற வழக்கமான முறையில் மெமரி கேட்டால், கர்னல் திரும்ப அதே கோப்பு முறைமைக்குள் நுழைந்து தனக்காகத் தானே காத்து நிற்கக்கூடும். கோப்பு முறைமைக்குள் திரும்ப நுழையாமல் மெமரி கேட்கும் ‘ஜிஎஃப்பி நோஎஃப்எஸ்’ எதற்காக இருக்கிறது என்று அப்போது புரியும்.

சோதிக்க ஒரே லேப்டாப்பில் இரண்டு விர்ச்சுவல் மெஷின் போதும். ஒன்று சர்வர், மற்றது கிளையன்ட். லாக் தவறுகளைப் பிடிக்கும் லாக்டெப், மெமரி தவறுகளைப் பிடிக்கும் கேசான் இரண்டையும் இயக்கியே கர்னலைக் கட்டுங்கள். பெரிய கோப்பு ஒன்றை எழுதவிட்டு நடுவில் நெட்வொர்க்கைத் துண்டியுங்கள். பதில் வரும்வரை விடாமல் முயலும் ஹார்டு மவுண்டில் கிளையன்ட் பொறுமையாகக் காத்திருந்து, இணைப்பு திரும்பியதும் விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டும். அடுத்து எழுதும்போதே சர்வரை ரீஸ்டார்ட் செய்து, இரு பக்கமும் கோப்பின் செக்சம் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் சரிபார்ப்பு எண்) எடுத்து ஒப்பிடுங்கள். பிறகு கோப்பு முறைமைகளுக்கான சோதனைத் தொகுப்பான எக்ஸ்எஃப்எஸ்டெஸ்ட்ஸை ஓடவிடலாம்.

கடைசியாக, பேட்ச் வந்த மெயிலிங் லிஸ்டில் பதில் எழுதுவது. சம்பந்தப்பட்ட வரிக்கு நேர் கீழே, எந்தச் சூழ்நிலையில் எது உடையும் என்று எழுதுங்கள். உறுதியாகத் தெரியாவிட்டால் கேள்வியாகவே கேளுங்கள். புதியவர் கேட்கும் கேள்விக்கும் அங்கே மதிப்பு உண்டு. ஓட்டிப் பார்த்திருந்தால் உங்கள் பெயரோடு ‘டெஸ்டட் பை’ என்ற வரி கொடுக்கலாம். ‘ரிவியூட் பை’ என்றால் இந்த மாற்றம் உள்ளே போகத் தகுதியானது என்று உங்கள் பெயரில் நீங்கள் சொல்கிறீர்கள், ஆகவே எல்லா வழியும் நடந்து பார்த்த பிறகே அது. பேட்சின் திருத்திய இரண்டாம் வடிவம் வந்ததும் இரண்டையும் ஒப்பிடும் ‘கிட் ரேஞ்ச்டிஃப்’ போட்டு, நீங்கள் சொன்னவை மாறினவா, சொல்லாதது ஏதாவது மாறியிருக்கிறதா என்று பாருங்கள்.